கிடந்த இடத்திலேயே கிடக்குமா?

தம்பிக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கப்போவதில்லை. நேற்றுதான் போனில் பேசினாய். இருமல் இருக்கிறது, வெந்நீர் குடிக்கிறேன் என்றாய். கடலூரில் அந்த வாடகை அறையில் வெந்நீர் வைக்க உனக்கு ஒரு பாத்திரமாவது இருக்கிறதா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. உண்மையில் வேறு ஒன்றைச் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்ல வாய் வராமல்தான் இங்கே அண்ணாமலை நகர் வீட்டில், காலைச் சமையலை முடித்துவிட்டு, சாப்பாட்டு மேசைமேல் கிடக்கும் கல்யாணப் பத்திரிகைக் கட்டுகளை ஒதுக்கித் தள்ளிவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதி முடித்ததும் கவரில் போடுவேன். ஆனால் ஒட்ட மாட்டேன். நாளைக்கு ரவிக்கை வாங்கிப்போக கௌசல்யா வருகிறாள். அவள் கையில்தான் கொடுத்தனுப்பப்போகிறேன். சிதம்பரத்திலிருந்து கடலூர் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். உன்னைக் கட்டிக்கொள்ளப்போகிறவள் அவ்வளவு நேரமும் ஒட்டாத கவரை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக வேடிக்கை பார்ப்பாளா என்ன? படிப்பாள். படிக்கட்டும்.

ஆவணி பிறந்தால் கல்யாணம். நான் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். உங்கப்பா அதற்கு ஒரு காரணம் வைத்திருக்கிறார். "பொண்ண நாம பார்க்கல, அவனே பார்த்துக்கிட்டான்னு கோவம்" என்று போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். உன் சித்தி வேறொரு காரணம் வைத்திருக்கிறாள்: "மங்கலம்பேட்டையில சம்பந்தம்னா அக்காவுக்கு எளக்காரமா இருக்குது." இரண்டுமே இல்லை, தம்பி. நல்ல மனுஷர்கள். அவள் அப்பா முதல்முறை வந்தபோது ஒரு பை நிறைய மல்லாட்டை கொண்டுவந்தாரே, அந்த வேர்க்கடலையை வறுத்து வறுத்து முக்கால்வாசியைத் தின்றவள் நான்தான். எனக்கு இருப்பது பொறாமை. மாமியாருக்கு வருகிற வழக்கமான பொறாமை என்று நினைத்துவிடாதே. உன்னைத் தாராளமாகக் கூட்டிக்கொண்டு போகட்டும். உப்புத் தண்ணீரில் ஊறிய உன் துணியை அலசி அலசி எனக்கு அலுத்துவிட்டது. என் குழாயை எடுத்துக்கொண்டாளே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சிரிக்காதே. உனக்கும் அவளுக்கும் அது ஒரு வேலை. கடலூருக்குத் தெற்கே இருக்கும் ஒரு தொழிற்சாலைக்குக் கடல்நீர் எடுத்துவருகிற குழாய். கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தூரம், கடலடியில் மணல்மேல் கிடக்கிற கறுப்புக் குழாய். கனம் போதாது என்பதால் இத்தனை அடிக்கு ஒன்று என்று அதற்குக் கான்கிரீட் கட்டைகளை மாட்டியிருக்கிறார்கள். அந்தக் கட்டை எவ்வளவு கனம் இருக்க வேண்டும், எத்தனை அடிக்கு ஒன்று வேண்டும் என்று பதினான்கு வருஷத்துக்கு முன்னால் இதே மேசையில் உட்கார்ந்து கணக்கு எழுதியவள் நான். அப்போது நான் காலேஜில் நீரியல் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். வெளியிலிருந்து எனக்கு வந்த முதல் பெரிய வேலை அது. எத்தனை தடித்த புத்தகத்தைப் புரட்டினாலும் அந்தக் கணக்கில் கேள்வி ஒன்றுதான்: போட்ட இடத்தில் அது கிடக்குமா, கிடக்காதா? மேலே அலை போகும்போது அடியில் தண்ணீர் முன்னும் பின்னும் போய்வரும். அது குழாயைப் பக்கவாட்டில் தள்ளும், கொஞ்சம் மேலே தூக்கவும் பார்க்கும். எதிர்த்து நிற்பவை இரண்டே இரண்டு. தண்ணீருக்குள் குழாய்க்கு மிஞ்சுகிற எடை ஒன்று, அடியிலிருக்கிற மணலின் பிடி இன்னொன்று. தள்ளுவதைவிடப் பிடிப்பது ஜாஸ்தியாக இருந்தால் குழாய் கிடக்கும். குறைந்தால் உருளும், இணைப்பு விட்டுப்போகும். நான் அதற்காக மூன்று மாதம் தூங்கவில்லை. உங்கப்பா தினமும் ஹோட்டல் இட்லி தின்றார்.

குழாயை இறக்குகிற நாள் வந்தது. மிதக்கவிட்டு இழுத்துப்போய், தண்ணீர் நிரப்பி, மெதுவாக மூழ்கடிக்க வேண்டும். தேவனாம்பட்டினக் கரையில் மீன்பிடிக்கிற ராஜவேலு அண்ணன் தன் படகைத் தயாராக வைத்திருந்தார். நான் புதுச் செருப்பு, கறுப்புக் குடை, கையில் கணக்கு ஃபைலுடன் போய் நின்றேன். நீ பிளஸ் டூ முடித்து லீவில் இருந்தாய். தனியாக வீட்டில் என்ன செய்வாய் என்று உன்னையும் கூட்டிப்போயிருந்தேன். ராஜவேலு அண்ணன் என்னைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "டீச்சரம்மா, கோச்சிக்காதீங்க. பொம்பளைங்க ஏறுனா தொழிலுக்கு ஆவாதுன்னு எங்காளுங்க சொல்லுவாங்க. நீங்க கரையில இருங்க. இன்னா நடக்குதுன்னு நான் வந்து சொல்றேன்." சொல்லிவிட்டு உன்னைப் பார்த்தார். "தம்பி, நீ வர்றியா?" நீ என் முகத்தைக்கூடத் திரும்பிப் பார்க்காமல் ஏறிவிட்டாய். ஏறி நின்று கையை வேறு ஆட்டினாய்.

அன்றைக்கு முழுவதும் குடையைப் பிடித்துக்கொண்டு மணலில் நின்றேன். படகு புள்ளியாகி, புள்ளியும் மறைந்து, மறுபடி புள்ளியாகத் திரும்பி வரும்வரை நின்றேன். நீ இறங்கி வந்து படகிலேயே மீன் குழம்பு வைத்ததையும், குழாய் முக்குளித்துப் போனபோது தண்ணீர் கொப்பளித்ததையும் மூச்சுவிடாமல் சொன்னாய். "ம்" என்று மட்டும் சொன்னேன். வெயிலில் நின்று தலைவலி என்று நீ நினைத்திருப்பாய். தலைவலியெல்லாம் இல்லை. பெற்ற பிள்ளைமேல் வயிறு எரிந்தது. நான் போட்ட கணக்கு, நான் எழுதிய எடை. அது தண்ணீரில் இறங்குவதைப் பார்த்தவன், கணக்கில் பாஸ் மார்க் வாங்கவே முக்குகிற என் மகன். இந்த வீட்டில் பொறாமைக்குக் கௌசல்யா இரண்டாவது ஆள்தான் என்பதை அவளும் தெரிந்துகொள்ளட்டும்.

அதற்குப்பிறகு நீ என்ன படித்தாய், எதை விட்டாய், எப்படி முக்குளிக்கிற தொழிலுக்குப் போனாய் என்பதெல்லாம் உனக்கே தெரியும். இன்றைக்குச் சொந்தமாக நாலு டைவர்களை வைத்து வேலை எடுக்கிறாய். அந்தத் தொழிற்சாலைக்காரர்கள் குழாயைப் பார்த்துவரச் சொல்லி உன்னைத்தான் கூப்பிடுகிறார்கள். எனக்குப் பெருமைதான். ஆனால் ஒவ்வொரு தடவையும் நீ கரைக்கு வந்து "எல்லாம் நல்லாருக்குதும்மா" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவாய். நான் பத்துக் கேள்வி கேட்பேன். மணல் எந்த நிறம், கட்டை எவ்வளவு புதைந்திருக்கிறது, குழாய்க்கு அடியில் விரல் போகிறதா? "அம்மா, பசிக்குது" என்பாய். பதினான்கு வருஷமாக அந்தக் குழாயை நான் மற்றவர்கள் வாயால்தான் பார்த்துவருகிறேன். கடலிலிருந்து எவன் எதைச் சொன்னாலும் அதை அப்படியே பொத்திவைத்துக்கொள்ளும் புத்தி எனக்கு அதனால்தான் வந்தது.

அந்தப் புத்தி செய்த தப்பைக் கேள். எட்டு வருஷத்துக்கு முன்னால், குழாய் இன்னும் உறுதியாகத்தான் கிடக்கிறதா என்று மறுபடி சரிபார்க்கச் சொன்னார்கள். போட்டுப் பார்த்தேன், எடை இருக்கவேண்டிய அளவுக்குக் கொஞ்சம் குறைந்தது. அந்த வாரம் ராஜவேலு அண்ணன் ஏதோ வேலையாகச் சிதம்பரம் வந்தவர் வீட்டுக்கும் வந்தார். காபி குடித்துக்கொண்டே, "உங்க குழாய் பூரா சிப்பி புடிச்சுக்கிச்சு டீச்சரம்மா. இனிமே யானை கட்டி இழுத்தாலும் அசையாது" என்றார். எனக்கு அது கடலே நேரில் வந்து சொன்ன மாதிரி இருந்தது. சிப்பி என்றால் எடை. எடை என்றால் உறுதி. சிப்பியின் எடையைக் கணக்கில் சேர்த்தேன், அளவு வந்துவிட்டது. கட்டை எதுவும் புதிதாகத் தேவையில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சிப்பி படர்ந்தால் குழாய் பருத்துப்போகும், பருத்த குழாயை அலை இன்னும் ஓங்கித் தள்ளும் என்பது முதல் வருஷம் படிக்கிற பிள்ளைக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நான் எடுத்த பாடம்தானே அது! ஆனாலும் அன்றைக்கு அது என் கண்ணில் படவில்லை.

இந்த மாசியில் தொழிற்சாலைக்காரர்கள் என் கணக்கை வெளியாள் ஒருவர் பார்க்க வேண்டும் என்று சென்னையிலிருந்து ஒரு கம்பெனியை அமர்த்தினார்கள். அவர்கள் அனுப்பிய இன்ஜினியர்தான் கௌசல்யா. அவளுக்கும் உனக்கும் பழக்கமானதே அந்தக் குழாய்மேல்தான். என் குழாய் இல்லாவிட்டால் உங்களுக்குக் கல்யாணமே இல்லை, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வந்து போனில் ஒரு வீடியோ காட்டினாய். தேவனாம்பட்டினக் கரை. ராஜவேலு அண்ணனுக்கு முடியெல்லாம் நரைத்துவிட்டது. அவர் கையை நீட்டுகிறார். ஆரஞ்சுச் சட்டை மாட்டிக்கொண்டு இந்தப் பெண் அந்தக் கையைப் பிடித்து ஒரே எட்டில் படகில் ஏறுகிறாள். யாரும் எதுவும் சொல்லவில்லை. யாருடைய தொழிலுக்கும் எதுவும் ஆகவில்லை. "பாரும்மா, பொறந்ததுல இருந்து கடல்லயே இருந்தவ மாதிரி நிக்கிறா" என்று சிரித்தாய். மங்கலம்பேட்டையில் ஏரியில் தண்ணீர் இருந்தாலே அதிசயம். அங்கே மல்லாட்டைக் காட்டில் வளர்ந்த பெண் என் கடலில் நிற்கிறாள். அடுப்பில் சாம்பார் பொங்குகிறது என்று நான் எழுந்து போனேனே, அடுப்பு அணைத்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. உள்ளே போய்ப் புளிப் பானையை முறைத்துக்கொண்டு நின்றேன்.

அப்புறம் அந்த மீட்டிங். தொழிற்சாலை ஆபீசில் மேனேஜர், நான், அவள். அன்றைக்கு அவள் யாரென்று எனக்குத் தெரியும்; நான் யாரென்று அவளுக்கும் தெரியும்; மேனேஜருக்கு எதுவும் தெரியாது. மரியாதையாகத்தான் கேட்டாள். "மேடம், சிப்பியோட வெயிட்ட சேர்த்திருக்கீங்க. அதனால கூடற சுத்தளவ எங்க சேர்த்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியல. நான்தான் சரியா பார்க்கலையோ?" அவள் சரியாகத்தான் பார்த்திருந்தாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. "நான் இத போட்டப்ப நீ ஸ்கூல்ல படிச்சுக்கிட்டு இருந்திருப்பம்மா" என்றேன். மேனேஜர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை, பேனாவை மூடிவைத்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்து வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

இதுவரைக்கும் உனக்குத் தெரியும். இனிமேல்தான் தெரியாதது. புதிதாக நாற்பது கட்டைகள் வார்த்து, ஐப்பசி மழைக்கு முன்னால் குழாயில் மாட்ட வேண்டும் என்று அவள் ரிப்போர்ட் கொடுத்தாளே, தொழிற்சாலை அதைத் தை மாதத்துக்குத் தள்ளிவைத்தது. ஏன் என்று நீயும் அவளும் மண்டையை உடைத்துக்கொண்டீர்கள். தள்ளிவைப்பதற்கு முன்னால் மேனேஜர் எனக்குப் போன் செய்தார். "மேடம், அந்தப் பொண்ணு உங்க கணக்கு தப்புங்குது. நீங்க சரிதான்னு ஒரு லெட்டர் குடுத்தா போதும், நாங்க நிதானமா செய்வோம்." ஒரு மணி நேரம்கூட யோசிக்கவில்லை, தம்பி. பழைய கணக்கு செல்லும், குழாய் அசையாது, அவசரம் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அந்த லெட்டரைக் கொடுத்தவள் நான்தான்.

அந்த வாரம்தான் நீ இங்கே கூடத்தில் உட்கார்ந்துகொண்டு அவளிடம் போனில் கத்தினாய். "எங்கம்மா முப்பது வருஷமா இதப் பார்க்கறவங்க. அவுங்க கணக்கு தப்பா இருக்காது. உன் ரிப்போர்ட்லதான் ஏதோ கோளாறு, அதான் கம்பெனி ஒத்துக்கல." நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். உள்ளுக்குள் தேன் குடித்த மாதிரி இருந்தது. அந்தப் பக்கம் ஒரு பெண் அழுதிருப்பாள் என்று தெரிந்தும் அப்படித்தான் இருந்தது. நான் செய்ததிலேயே எனக்கு மிகவும் அசிங்கமாகப் படுவது அந்த லெட்டர்கூட இல்லை. அன்றைக்குக் கீரை ஆய்ந்துகொண்டே ஏதோ பாட்டு முணுமுணுத்தேனே, அதுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரவிக்கைக்கு அளவு கொடுக்க அவள் வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் வாளி, அதில் கடல் தண்ணீரோடு ஒரு கொத்துச் சிப்பி. நீ குழாயிலிருந்து சுரண்டிக் கொடுத்தது. கூடவே நைலான் கயிறு ஒன்று, அதில் இரண்டு இடத்தில் சிவப்பு டேப் ஒட்டியிருந்தது. "அத்தை, எனக்குத் தெரிஞ்சத எழுதிட்டேன். கம்பெனி ஒத்துக்கல. நான் எங்கியோ தப்பு பண்ணியிருக்கேன்னு அவரும் சொல்றாரு. நீங்க பார்த்து எங்க தப்புன்னு சொல்லுங்க, திருத்திக்கறேன்" என்றாள். நடிக்கிறாளோ என்று முகத்தை உற்றுப் பார்த்தேன். நடிப்பு இல்லை. நான் கொடுத்த லெட்டரைப் பற்றி அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை. தன்மேல்தான் தப்பு என்று நிஜமாகவே நம்பிக்கொண்டு, அதை என்னிடமே கேட்க வந்திருக்கிறாள்.

மீன் நிறுக்கிற தொங்கு தராசைப் பின்கட்டுக்கு எடுத்துவந்தேன். சிப்பிக் கொத்தை மாட்டித் தூக்கினால் இரண்டு கிலோ. அப்படியே அந்த வாளித் தண்ணீருக்குள் முங்கவிட்டுப் பார்த்தால் அரைக் கிலோதான். அத்தனை வருஷமாக நான் பெரிய கனம் என்று நம்பியிருந்தது தண்ணீருக்குள் அவ்வளவுதான். அப்புறம் ரவிக்கைக்கு எடுத்து வைத்திருந்த இன்ச் டேப்பைக் கயிற்றின்மேல் வைத்தேன். முதல் சிவப்பு வரைக்கும் வெறும் குழாயின் சுற்றளவு. இரண்டாவது சிவப்பு வரைக்கும் சிப்பியோடு. இரண்டுக்கும் நடுவில் ஒரு முழத்துக்குக் குறையாது. "பார்த்தீங்களா" என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட நான் சண்டைக்குத் தயாராக இருந்தேன். அவள் கையைப் பார்த்தேன். சிப்பி கிழித்து விரலெல்லாம் கோடு கோடாகக் காயம். எனக்கு அந்தக் காயத்தின்மேலும் பொறாமை வந்தது. முப்பது வருஷம் கடல் கணக்குப் போட்ட என் கையில் பேனா பிடித்த காய்ப்புதான் இருக்கிறது. மஞ்சள் எடுத்துவந்து அவள் விரலில் பூசிவிட்டேன். "நான் பார்த்து சொல்றேன்" என்று அனுப்பிவைத்தேன். அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை நீ போன் செய்தாய். கட்டை மாட்டுகிற வேலை தைக்குப் போய்விட்டதால் அதுவரைக்கும் சமாளிக்க ஒரு சின்ன வேலை கொடுத்திருக்கிறார்கள் என்றாய். ஓரிடத்தில் குழாய்க்கு அடியில் மணல் அரித்துப்போய்விட்டது, குழாய் அந்தரத்தில் தொங்குகிறது. "அடியில பூந்து மண்ணு மூட்டை சொருவணும்மா. வேற ஆளுங்கள விட மனசு வரல, வியாழக்கிழமை நானே எறங்கறேன். கடல் கொஞ்சம் கொந்தளிப்பா இருக்குது, ஆனா குழாய் அசையாதுன்னு லெட்டர் இருக்குதாம், பயம் இல்ல." சொல்லிவிட்டு இருமினாய். நான் "சரிப்பா" என்று போனை வைத்தேன். யாருடைய லெட்டரை நம்பி நீ குழாய்க்கு அடியில் போய்ப் படுக்கப்போகிறாய் என்று உனக்குத் தெரியாது.

மேசைக்கு வந்து கணக்கைப் போட்டேன். இந்தத் தடவை கயிற்றில் அளந்த சுற்றளவையே போட்டேன், தராசு காட்டிய அரைக் கிலோவையே போட்டேன், ஆடிக் கடலின் அலையைப் போட்டேன். பிடிப்பதைவிடத் தள்ளுவது ஜாஸ்தியாக வந்தது. மறுபடி போட்டேன். அதே விடை வந்தது. அந்தக் குழாய் இத்தனை நாள் அங்கே கிடந்தது மணல் அதைப் பாதி விழுங்கி வைத்திருந்ததால்தான். அந்த இடத்தில் இப்போது மணலும் இல்லை, ஓர் அலை சரியாக வந்தால் உருண்டுவிடும். அதற்கு அடியில் என் பிள்ளை. ஐயோ, அந்த நேரத்தில் எனக்கு வந்த பயத்தை எழுதத் தெரியவில்லை. அதைவிட வெட்கக்கேடானது ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: அந்த பயத்துக்கு நடுவிலும், நான் போட்ட விடை அவள் ரிப்போர்ட்டில் இருந்ததோடு புள்ளிக்குப் பின்னாலும் ஒத்துப்போகிறதைப் பார்த்து ஒரு நொடி எரிச்சல்பட்டேன்.

புதன்கிழமை காலை முதல் பஸ்ஸில் கிளம்பினேன். உங்கப்பா எங்கே என்று கேட்டதற்கு, நல்லெண்ணெய் வாங்க என்று சொன்னேன். நல்லெண்ணெய்க்கு யாராவது கடலூர் போவார்களா என்று அவர் கேட்கவில்லை. ஆபீஸ் திறக்கும்வரை வாசலில் நின்றேன். மேனேஜர் வந்தவர் ஆச்சரியமாகப் பார்த்தார். "என்ன மேடம், இவ்ளோ சீக்கிரம்?" லெட்டரைத் திரும்ப வாங்க வந்திருக்கிறேன் என்றேன். "போன மாசம்தான அசையாதுன்னு எழுதிக் குடுத்தீங்க?" "குடுத்தேன். தப்பு. அந்தப் பொண்ணோட கணக்குதான் சரி. நாளைக்கு யாரும் தண்ணியில எறங்கக் கூடாது. ஐப்பசிக்கு முன்னால கட்டை மாட்டியாவணும். முடியாதுன்னா நான் இங்கியே உட்கார்ந்திருப்பேன்." அவர் ஒரு தாளை நீட்டினார். பழைய கடிதத்தை ஏன் திரும்பப் பெறுகிறேன் என்று எழுத வேண்டுமாம். சிப்பியால் கூடும் சுற்றளவைக் கணக்கில் சேர்க்கத் தவறிவிட்டேன் என்று எழுதினேன். படித்துவிட்டு, புரட்டாசியிலேயே கட்டை மாட்டிவிடலாம் என்றார். அது எட்டு வருஷத்துக்கு முன்னால் போட்ட கணக்கின் தப்பு. போன மாதம் அந்த லெட்டரை எழுதியதற்குக் காரணம் வேறு. அதைத்தான் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அன்று சாயங்காலமே நீ எனக்குப் போன் செய்து புலம்பினாய். "யாரோ மேல சொல்லி வேலைய நிறுத்திட்டாங்கம்மா. கௌசல்யாதான் போட்டுக் குடுத்திருக்கா. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாரு. இதுக்குத்தான் ஒரே தொழில்ல இருக்கறவள கட்டக்கூடாதுங்கறது." நான் அப்போதும் "ம்" என்றேன். பதினான்கு வருஷத்துக்கு முன்னால் கரையில் சொன்ன அதே "ம்". நான்கு நாளாக நீ அவளோடு பேசவில்லை என்று உங்கப்பா சொன்னார். அவளும் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அதனால்தான் இன்றைக்கு எழுதுகிறேன். முதலில் அவள் ரிப்போர்ட்டைக் கெடுத்தவள் நான். பிறகு வேலையை நிறுத்தியவளும் நான். இரண்டுக்கும் நீ திட்டியது அவளை. இந்தக் கடிதத்தைக் கீழே வைத்ததும் முதல் வேலையாக அவளிடம் மன்னிப்புக் கேள். எதிரிலேயேதான் நிற்பாள்.

அம்மா என்று ஒன்றிரண்டு புத்தி சொல்லாமல் முடிக்க முடியாது. என் கணக்கு தப்பாக இருக்காது என்று அவளிடம் கத்தினாயே, இனிமேல் அதை யாருக்காகவும் சொல்லாதே. எடுத்துப் பார்த்துவிட்டுச் சொல். அவள் உன்னைவிடக் கெட்டிக்காரி. ஒரு நாள் இல்லை ஒரு நாள் உனக்கும் வயிறு எரியும். நான்கு பேர் நடுவில் அவளைக் கேட்டுவிட்டு உன்னைக் கேட்காமல் போவார்கள். அன்றைக்கு அடுக்களைக்குள் போய்ப் புளிப் பானையை முறைத்துக்கொண்டு நிற்காதே. "எனக்குப் பொறாமையா இருக்குது" என்று அவளிடமே சொல்லிவிடு. அவள் சிரிப்பாள். சிரித்தால் சிரிக்கட்டும், அதற்குமேல் ஒன்றும் ஆகாது. நான் சொல்லாமல் வைத்திருந்ததால்தான் உன்னைக் கொண்டுபோய்க் குழாய்க்கு அடியில் படுக்கவைக்கப் பார்த்தேன். இருமலுக்கு வெந்நீர் மட்டும் போதாது, கொஞ்சம் மிளகு போட்டுக் குடி.

எனக்குப் பொறாமை தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள், இரண்டு பேரும்தான். தீரவில்லை. கல்யாணத்தன்று அவள் தலையில் அட்சதை போடும்போதும் கொஞ்சம் இருக்கும். அதற்கு ஒரே மருந்துதான் இருக்கிறது. புரட்டாசியில் புதுக் கட்டைகள் போடுகிற அன்றைக்கு ராஜவேலு அண்ணனிடம் சொல்லிவை, டீச்சரம்மா வருகிறார் என்று. எனக்கு முழங்கால் வலி, ஒரே எட்டில் ஏற முடியாது. அவர் ஒரு கையும் நீ ஒரு கையும் பிடிக்க வேண்டியிருக்கும். என் குழாய் கிடக்கிற இடத்துக்கு நேர்மேலே போய்ப் படகை நிறுத்த வேண்டும். தண்ணீரைத் தவிர அங்கே எதுவும் தெரியாது என்று எனக்குத் தெரியும், நீ விளக்க வேண்டாம். நான் பார்த்துக்கொள்கிறேன்.

கௌசல்யா, பஸ்ஸில் நீ இந்த இடத்துக்கு வந்துசேரும்போது கடலூர் நெருங்கியிருக்கும். உன் கணக்கு சரி, என் கணக்கு தப்பு. கை எழுத மறுக்கிறது, ஆனாலும் எழுதிவிட்டேன். ஆனால் அன்றைக்கு நீ படகில் ஏறக் கூடாது. தேவனாம்பட்டினத்தில் கரையில் நில். நாங்கள் புள்ளியாகி மறைந்து திரும்பி வரும்வரை நில். வெயில் கடுமையாக இருக்கும். என் கறுப்புக் குடையை நானே உனக்குத் தருகிறேன்.

அம்மா